அவுட்போர்டு மோட்டாரும் ஆயிலும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால், அந்தத் தடையில் வராத ஃபைபர் படகுக்காரர்கள், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கு ஒரு நாள்கூட ஓய்வு கொடுக்க மாட்டார்கள். எங்கள் பட்டறையில் கால் வைக்க இடமில்லாமல் போவதும் அப்போதுதான். மோட்டாரைத் தோளில் சுமந்து வருகிறவர் அதை இறக்கி வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "அண்ணாச்சி, ஆயில் மாத்தினதுல இருந்துதான் இப்படி."

கழற்றிப் பார்த்தால், ஆயில் கம்பெனியின் மேல் குற்றம் இருப்பது அபூர்வம். வகை மாறியிருக்கும், அளவு மாறியிருக்கும், இல்லையென்றால் ஆயிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாஷரோ சீலோ போயிருக்கும். ஆகவே அடுத்த டப்பா வாங்கக் கடைக்குப் போகுமுன், கீழே உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத சோதனை முதலில் வரும். பர்ஸைத் திறக்க வேண்டியது கடைசியில் வரும்.

ஆரம்பிக்குமுன்: உங்களுடையது எந்த மோட்டார்?

மேல் மூடியைக் கழற்றுங்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியும், ஆயில் ஊற்றத் தனி மூடியும் இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். குச்சி இல்லையென்றால் டூ ஸ்ட்ரோக்; அதில் ஆயிலை எரிபொருளோடு கலக்க வேண்டும். சில டூ ஸ்ட்ரோக்குகளில் தனியாக ஓர் ஆயில் டேங்க் இருக்கும். அது தானே கலந்துகொள்ளும். இரண்டு வகைக்கும் பொதுவாக, தண்ணீருக்குள் முங்கும் கீழ்ப்பகுதியில் கியர் ஆயில் என்று இன்னொன்று உண்டு. ஆக, படகில் கிடக்கும் மூன்று ஆயிலும் மூன்று வேலைக்கு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை "அவசரத்துக்கு" ஊற்றக் கூடாது.

டூ ஸ்ட்ரோக்: புகை அடங்கவே இல்லை

ஸ்டார்ட் ஆன முதல் ஓரிரு நிமிடம் புகைவது இயல்பு. சூடான பிறகும் பின்னால் வரும் படகு தெரியாத அளவுக்குப் புகைந்தால் தொடர்ந்து படியுங்கள்.

*ஆயில் அளவு.* எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்பது வழக்கமான பதில். 50-க்கு 1, அதாவது 50 பங்கு எரிபொருளுக்கு 1 பங்கு ஆயில் என்றால், லிட்டருக்கு 20 மில்லி. 12 லிட்டர் டேங்குக்கு 240 மில்லி, 24 லிட்டருக்கு 480. எங்கள் பட்டறையில் இதற்குக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டிதான் வைத்திருக்கிறோம். பக்கத்தில் மில்லி கோடு போட்டிருக்கும்; 240 கோடு வரை ஒரு புட்டி, 12 லிட்டர் டேங்க். கணக்கு முடிந்தது.

புது மோட்டாருக்கு முதல் பத்து மணி நேரம் வாக்கில் 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி ஊற்றச் சொல்லியிருப்பார்கள். அது முடிந்த பிறகும் அதே அளவை வருடக்கணக்கில் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். நிறைய ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது என்று ஓர் எண்ணம். புகை, கரி, நனைந்த பிளக் மூன்றும் அங்கிருந்துதான் வருகின்றன. சில மாடல்களுக்கு 100-க்கு 1 போதும். உங்கள் மோட்டாருக்கு எது என்று கையேட்டில் பாருங்கள். பக்கத்துப் படகுக்காரரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

*இரண்டு தடவை ஆயில்.* தானே கலந்துகொள்ளும் மோட்டாரை வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் கேனிலும் ஆயில் கலப்பது. பழகும் காலத்தில் அப்படிச் செய்யக் கையேடே சொல்லும். அதற்குப் பிறகு வேண்டாம்.

*ஆயில் வகை.* பெட்ரோல் பங்கில் தொங்கும் 2டி பாக்கெட் பழைய ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் ஆனது. அது காற்றில் குளிரும் என்ஜின். அவுட்போர்டு தண்ணீரில் குளிர்வது. அந்தப் பாக்கெட் ஆயில் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அது பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். அவுட்போர்டுக்கு வாங்கும் டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்ற குறி இருக்க வேண்டும். அமெரிக்காவின் கடல்சார் உற்பத்தியாளர் சங்கமான என்எம்எம்ஏ கொடுக்கும் தரக்குறி அது. ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எஃப்சி, எஃப்டி என்று மட்டும் போட்டிருந்தால் அது பைக் ஆயில். எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் பைக் ஆயில்தான். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீலம், பச்சை எல்லாம் வெறும் சாயம். டிசி-டபிள்யூ3 குறியுள்ள இரண்டு கம்பெனி ஆயில்கள் டேங்கில் கலந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

*எப்போது மெக்கானிக்:* அளவும் வகையும் சரி, புது எரிபொருளும் போட்டாயிற்று, அப்படியும் வெள்ளையாக, நீராவி போல வந்துகொண்டே இருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஹெட் கேஸ்கட் பார்க்க வேண்டும். ஓட்டாதீர்கள்.

டூ ஸ்ட்ரோக்: பிளக் அடிக்கடி போகிறது, ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

வறுத்த காப்பிக்கொட்டை நிறம்: எல்லாம் சரி. பிளக்கை மாட்டிவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

கறுப்பு, எண்ணெய்ப் பசையோடு ஈரம்: ஆயில் கூடுதல், அல்லது மோட்டார் மணிக்கணக்கில் மெதுவாகவே ஓடுகிறது. வலை விடும்போதும் இழுக்கும்போதும் வேறு வழியில்லைதான். இடையிடையே ஐந்து பத்து நிமிடம் வேகமாக ஓட்டிவிடுங்கள், பிளக் தானே சுத்தமாகும்.

கறுப்பு, உலர்ந்த புகைக்கரி: ஆயில் குற்றம் இல்லை. சோக் முழுக்கத் திறக்கவில்லை, அல்லது கார்புரேட்டரில் எரிபொருள் அதிகம் போகிறது.

சாம்பல் நிறத்தில் கெட்டியான பொருக்கு, சில சமயம் பிளக்கின் இரண்டு முனையையும் இணைத்து ஒரு சிறு பாலம்: வகை மாறிய ஆயில். மேலே சொன்ன 2டி பாக்கெட்டின் கையெழுத்து இதுதான்.

மினுமினுக்கும் வெள்ளித் துகள்: அது பிஸ்டனின் அலுமினியம். இதைப் பார்த்த பிறகு ஒரு தடவைகூடக் கயிற்றை இழுக்காதீர்கள், நேரே பட்டறை.

ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்து, மற்றது நன்றாக இருந்தால் ஆயிலை மறந்துவிடுங்கள். ஒரே டேங்கில் இருந்துதானே இரண்டுக்கும் போகிறது? அந்தப் பக்கத்துக் காயில், வயர், பிளக் மூடி இவற்றைப் பாருங்கள்.

பிளக் எண்ணும் முக்கியம். நிறைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கு வருவது பி7எச்எஸ்-10. கடைசியில் உள்ள 10 என்பது 1.0 மில்லிமீட்டர் இடைவெளி. கடையில் அந்தப் 10 இல்லாததைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றில்லை.

*மண்ணெண்ணெய் மோட்டாராக இருந்தால்:* சின்ன டேங்கில் உள்ள பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் கிடக்கும் மண்ணெண்ணெய் தீரும் வரை ஓட்ட வேண்டும். கரை கண்ட சந்தோஷத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால், மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு இருட்டில் கயிறு இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். ஆயிலை மாற்றி இதற்கு ஒரு பயனும் இல்லை.

டூ ஸ்ட்ரோக்: ஓடிக்கொண்டிருந்தது இறுகி நின்றுவிட்டது

கோளாறுகளில் செலவு அதிகம் வைப்பது இதுதான். முதலில் வேகம் தானாகக் குறையும், சத்தம் கனக்கும், பிறகு கீச்சென்று நிற்கும். குறையும்போதே நிறுத்தியவர்கள் தப்பித்திருக்கிறார்கள். "கரை பக்கத்துலதானே, ஓட்டிரலாம்" என்று ஆக்சிலேட்டரைத் திருகியவர்கள் பிஸ்டன் வாங்கியிருக்கிறார்கள்.

நின்றுவிட்டால் உடனே கயிற்றை இழுக்க வேண்டாம். அரை மணி நேரம் ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

*சுற்றுகிறது என்றால்* இந்த வரிசையில் பாருங்கள்:

முதலில் தண்ணீர். பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீச்சியதா? மணலில் படகு ஏற்றி இறக்கும் ஊர்களில் அந்தத் துளை அடைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கும். ஆயிலின் மேல் பழி விழுந்து, உண்மையில் இந்த ரப்பர் சக்கரம் குற்றவாளியாக இருந்த மோட்டார்களை நான் எண்ணி மாளாது.

அடுத்து, ஆயில் கலந்தீர்களா? கலந்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். ஒருவர் மண்ணெண்ணெய்க் கேனில் அளந்து அளந்து ஊற்றியிருந்தார்; தரமான டிசி-டபிள்யூ3. அப்படியும் இரண்டாவது தடவை பிஸ்டனில் கோடு விழுந்து வந்தார். ஒரு மணி நேரம் பேசிய பிறகுதான் தெரிந்தது: ஸ்டார்ட் செய்யும் சின்ன டேங்குக்கு அவர் மகன் பங்கில் இருந்து நேரே பெட்ரோல் பிடித்து ஊற்றிவிடுவானாம், ஒரு சொட்டு ஆயில் இல்லாமல். ஆயில் டேங்க் தனியாக இல்லாத மோட்டாரில் அந்தச் சின்ன டேங்குக்கும் ஆயில் கலந்தே ஆக வேண்டும்.

பிறகு, கலந்தது கலந்தபடி இருக்கிறதா? பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஈரத்தில் பாதி காலியான கேன் இரண்டு வாரம் கிடந்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடலாம். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மோட்டார் உறிஞ்சுவது அடியில் இருந்து. சோதிப்பது சுலபம்: டேங்கின் அடியில் இருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அந்தப் பெட்ரோல் மோட்டாருக்கு ஆகாது. ஒரு நாள் தொழிலுக்கு வேண்டியதை மட்டும் அன்றன்று கலப்பது நல்ல பழக்கம். கலக்கும்போது பாதி எரிபொருள், அதன் மேல் ஆயில், பிறகு மீதி எரிபொருள். கேனை நன்றாகக் குலுக்குங்கள்.

ஆயில் டேங்க் தனியாக உள்ள மோட்டாரில் டேங்கின் மேல் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். நாள் முழுக்க ஓடியும் மட்டம் இறங்கவில்லை என்றால் ஆயில் போகவே இல்லை. கரை திரும்பும் வரை பெட்ரோலிலேயே 50-க்கு 1 கலந்து ஓட்டி வந்து, ஆயில் பம்பைக் காட்டுங்கள்.

*சுற்றவில்லை என்றால்* பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் ஃபிளைவீலைக் கையால் மெல்ல இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். கம்பி வைத்து நெம்புவது, சுத்தியலால் தட்டுவது இதெல்லாம் வேண்டாம். அசையாவிட்டால் பட்டறைதான். அசைந்தாலும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்காமல் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்: குச்சியில் ஆயில் மட்டம் கூடியிருக்கிறது

"குறைஞ்சா கவலைப்படலாம், கூடினா என்ன?" என்று சிரித்தவர் ஒருவர் உண்டு. கூடினால்தான் கவலை. நீங்கள் ஊற்றாமல் மட்டம் ஏறினால், ஏறியது பெட்ரோலோ தண்ணீரோதான்.

முதலில் சரியாகப் பார்த்தீர்களா என்று பாருங்கள். மோட்டார் நேராக நிற்க வேண்டும். சாய்த்துத் தூக்கிய நிலையில் குச்சி எதையாவது சொல்லும். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். 9.9 குதிரைத்திறன் அளவு மோட்டாருக்கு மொத்தமே ஒரு லிட்டர் வாக்கில்தான் கொள்ளும் என்பதால், அரை டம்ளர் கூடினாலும் குச்சியில் பெரிதாகத் தெரியும். கடைசியாக மாற்றியபோது யாராவது தாராளமாக ஊற்றிவிட்டார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேல் இருந்தால் வெளியே எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் காற்றுக் குழாய் வழியே ஏறி நீலப் புகையாக வரும்.

குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து, ஆயில் தண்ணீர் மாதிரி சொட்டினால்:

முதல் சந்தேகம், நாள் முழுக்க மெதுவாக ஓடியது. என்ஜின் சூடேறாமல் ஓடும்போது எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆயிலை மாற்றிவிட்டு, தினமும் திரும்பும்போது கால் மணி நேரம் வேகமாக ஓட்டிவாருங்கள். புது மோட்டாரில் ரிங் பழகும் வரை இது கொஞ்சம் இருக்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். கழற்றி மேஜையில் வையுங்கள். குளிர்ந்த நிலையில் அது இறுக மூடியிருக்க வேண்டும். மணலோ உப்போ சிக்கி இடைவெளி தெரிந்தால், உங்கள் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடியிருக்கிறது. மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

மூன்றாவது பெட்ரோல் பம்ப். சின்ன ஃபோர் ஸ்ட்ரோக்குகள் பலவற்றில் அது என்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே உள்ள டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேரே ஆயிலில் விழும். ஒரே நாளில் மட்டம் சட்டென்று ஏறினால் இதுதான். இது மெக்கானிக் வேலை. அதுவரை மோட்டாரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்: ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது

ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போல ஒட்டியிருந்து, குச்சியில் ஆயில் தெளிவாக இருந்தால் அது வெறும் வியர்வை. துடைத்துவிட்டு, மோட்டாரைச் சூடேற ஓட்டுங்கள்.

குச்சியிலேயே பால் காப்பி என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. படகு அலையில் கவிழ்ந்து மோட்டார் முங்கியதா? அப்படியானால் காரணம் தேட வேண்டாம், நேரத்தோடுதான் போட்டி. முங்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், பிளக்கைக் கழற்றாமல் ஒரு தடவைகூடக் கயிற்றை இழுக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீரை வெளியேற்றி, பழைய ஆயிலை இறக்கி, புதிது ஊற்றி, அன்றைக்கே ஓட்டிச் சூடேற்ற வேண்டும். அன்றைக்கே மெக்கானிக் கிடைக்கவில்லையா? மோட்டாரை வெயிலில் காயப் போடாதீர்கள். கேட்க வினோதமாக இருக்கும், ஆனாலும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் முங்க வைப்பதே மேல். உப்பும் காற்றும் சேர்ந்தால்தான் துரு அரிக்கும்.

முங்கவில்லை, ஆனாலும் பால் காப்பி என்றால் ஹெட் கேஸ்கட்டோ, உப்பு அரித்த எக்ஸாஸ்ட் மூடியோ போயிருக்கும். ஆயிலை மாற்றிக்கொண்டே நாள் கடத்தாதீர்கள், பேரிங் போய்விடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்: ஆயில் விளக்கு, பஸர், வேகம் ஏறவில்லை

நிறுத்துங்கள். மட்டம் பாருங்கள். குறைவாக இருந்தால் ஊற்றுங்கள். சரியாக இருந்தால் முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் கலந்திருந்தால் மேலே போய் அந்தத் தலைப்பைப் படியுங்கள். அதுவும் இல்லையென்றால் ஆயில் பிரஷர் சுவிட்சின் வயர் உப்பில் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை படிந்திருந்தால் சுத்தம் செய்து மாட்டுங்கள். அப்படியும் விளக்கு அணையவில்லை என்றால் ஆயில் பம்ப், பேரிங் பக்கம் போகிறது விஷயம். துடுப்பை எடுங்கள், அல்லது பக்கத்துப் படகைக் கயிறு போடச் சொல்லுங்கள்.

எந்த ஆயில் என்பதும் இங்கேதான் வரும். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு என்எம்எம்ஏ-வின் குறி எஃப்சி-டபிள்யூ. உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் காக்கிறதா என்று சோதித்த பிறகே அந்தக் குறி கிடைக்கும். பல கையேடுகள் 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்ற இரண்டு தடிமனையும் அனுமதிக்கும். நம் ஊர் வெயிலுக்கு நான் 40 பக்கம்தான் நிற்பேன். எஃப்சி-டபிள்யூ கிடைக்காத ஊரில், கையேடு சொல்லும் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) தரத்தில், அதே தடிமனில், நல்ல பெட்ரோல் கார் ஆயில் ஊற்றலாம். மாற்றும் நாளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து வள்ளத்து டீசல் என்ஜினுக்கு வாங்கிய வாளியில் மிச்சம் இருக்கிறதே என்று 15டபிள்யூ-40-ஐ ஊற்றுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மிச்சம் பிடித்தது எத்தனை ரூபாய் என்று அவர்களே பின்னால் கணக்குச் சொல்வார்கள்.

கியர் ஆயில் வெள்ளையாக வருகிறது, அல்லது கியர் விழும்போது சத்தம்

இரண்டு வகை மோட்டாருக்கும் பொது. பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை.

மோட்டாரை ராத்திரி முழுக்க நேராக நிறுத்துங்கள். காலையில் அதை ஆட்டாமல், கீழ் ஸ்க்ரூவை மட்டும் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால், தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். தண்ணீர் வராமல் மோர் மாதிரி வெள்ளையாக வந்தாலும் அதே அர்த்தம். கியர் அதை அடித்துக் கடைந்துவிட்டது.

*இரண்டு சின்ன வாஷர்.* கீழ் ஸ்க்ரூவுக்கு ஒன்று, மேல் ஸ்க்ரூவுக்கு ஒன்று. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதிது போட வேண்டும். பழையதையே திருப்பிப் போட்டு, அதனால் கியர் பாக்ஸையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

*தங்கூசி.* புரொப்பல்லரைக் கழற்றி ஷாஃப்டைப் பாருங்கள். அறுந்த வலையின் தங்கூசி (நைலான் இழை) அதில் சுற்றி, உருகி, கண்ணாடி வளையல் போல இறுகியிருக்கும். அது ஆயில் சீலுக்குள் நுழைந்து ரப்பரை அறுத்துவிடும். கத்தி முனையால் எடுக்கும்போது சீலைக் கீறாதீர்கள். எடுத்த பிறகு புது கியர் ஆயில் ஊற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி வெளுத்தால் சீல் மாற்ற வேண்டும். வலைத்தொழிலுக்குப் போகும் படகில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை புரொப்பல்லரைக் கழற்றிப் பார்ப்பது வீண்வேலை இல்லை.

*மேல் சீல்கள், பாறையில் மோதிய விரிசல்.* கீழ் சீல் புதிது, வாஷர் புதிது, அப்படியும் தண்ணீர் என்றால் மெக்கானிக் காற்றழுத்தம் ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பார். இதை வீட்டில் செய்ய முடியாது.

கீழ் ஸ்க்ரூ முனையில் காந்தம் இருந்தால், அதில் மை மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருப்பது சாதாரணம். விரலில் குத்தும் சில்லு இருந்தால் கியர் பல் உடைகிறது.

ஊற்றும் ஆயில்: என்ஜின் ஆயில் இல்லை, ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலும் இல்லை. ஹைப்பாய்டு கியர் ஆயில், எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90. தரம் ஜிஎல்-4-ஆ ஜிஎல்-5-ஆ என்பதைக் கையேட்டில் பாருங்கள். சின்ன மோட்டாருக்குக் கால் லிட்டர் வாக்கில் கொள்ளும். ஊற்றுவது மேலிருந்து இல்லை, கீழ் ஓட்டையில் இருந்து. டியூபைக் கீழே பொருத்தி அழுத்துங்கள். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும்போது முதலில் மேல் ஸ்க்ரூவை மூடி, பிறகு டியூபை எடுத்துக் கீழ் ஸ்க்ரூவைப் போடுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும். பாதி ஆயிலோடுதான் ஓட்டுவீர்கள்.

கரையில் கிடந்த மோட்டார்: கயிறு வரவில்லை

ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் புயலுமாக வாரக்கணக்கில் படகு கரையில் கிடக்கும். பிறகு எடுத்தால் கயிறு அசையாது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், அதற்காக ஆட்டோ பிடித்து வந்தவர் உண்டு. அடுத்து கயிற்றுச் சக்கரம்: மேல் ஸ்டார்ட்டரைக் கழற்றி ஃபிளைவீலைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் ஸ்டார்ட்டரின் ஸ்பிரிங்கில் உப்பு பிடித்திருக்கிறது, என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது.

சுற்றவில்லை என்றால் சிலிண்டரில் துரு. பிளக் ஓட்டை வழியாக ஆயில் விட்டு இரண்டு நாள் ஊற வையுங்கள். பிறகும் அசையவில்லை என்றால் தலையைக் கழற்ற வேண்டிவரும், அது எங்கள் வேலை.

அடுத்த தடவை கரையேற்றும்போது நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவி, பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு மோட்டார் தானே நிற்கும் வரை விடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில், கயிற்றை நாலைந்து தடவை மெதுவாக இழுப்பு, பிளக்கை மாட்டி மூடி. டூ ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கமும் கிடத்தலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கையேட்டில் காட்டிய பக்கம் மட்டும்தான் கிடத்த வேண்டும். மறுபக்கம் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் ஓடி, எடுத்த அன்றைக்கு ஊரே புகையாகும்.